சூடு போகும் இடம்

காற்று குளிர்ந்திருந்தது. அதுதான் அவளுக்கு முதலில் எரிச்சலைக் கிளப்பியது.

தம்பி மலைச்சாலையில் ஏறி இறங்கிவிட்டு வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது; அவன் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தான். எஞ்சின் அறையின் சூட்டுக்காற்று வெளியேறுவதற்காக வண்டியின் அடியில் அவளே தகரம் மடித்து ஒரு வழி விட்டிருந்தாள். வழக்கம்போல மண்டியிட்டு அதன் வாயில் உள்ளங்கையைக் காட்டினாள். எரிகிற அடுப்பின் வாயில் வைத்தது போலச் சுட்டிருக்க வேண்டும். மழை விட்ட பிறகு ஜன்னலைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு காற்று வந்தது. அதில் பெட்ரோல் வாடை இருந்தது, பழைய எண்ணெயின் வாடை இருந்தது, ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவத்தின் தித்திப்பான நெடிகூட லேசாக இருந்தது. சூடு மட்டும் இல்லை.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"நீ மேல போகவே இல்ல," என்றாள்.

"போனேன்கா."

"எங்கயாவது நிழல்ல நிறுத்திட்டுத் தூங்கிட்டு வந்திருக்க. எஞ்சின் ஜில்லுன்னு கிடக்கு."

"உச்சி வரைக்கும் போனேன். முள்ளு நகரவே இல்ல. வேணா வந்து பாரு."

தலையை நீட்டிப் பார்த்தாள். சூடு காட்டும் மீட்டரின் முள் சரியாக நடுவில், ஆணி அடித்தாற்போல நின்றது. இந்த வண்டி பட்டறைக்கு வந்ததிலிருந்து அந்த முள்ளை அந்த இடத்தில் அவள் பார்த்ததில்லை. சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் முன் டயரைத் தொட்டால் ரப்பர் சுட்டது. வண்டியின் மூக்கு முழுக்கப் பூச்சிகள் நசுங்கி ஒட்டியிருந்தன. ஆக, பொய் சொல்லவில்லை. ஓட்டியிருக்கிறான், நன்றாக விரட்டியே ஓட்டியிருக்கிறான். அப்படியானால் சூடு எங்கே போயிற்று?

அவன் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கண்ணிமைகள் வீங்கியிருந்தன. பக்கத்து இருக்கையில் காலித் தண்ணீர் பாட்டில்கள் உருண்டு கிடந்தன. அவ்வளவு அவதியிலும் சிரித்தான்.

"ஜெயிச்சுட்டோம்கா," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் தெரியாமல் சரியாகிப்போன எந்தப் பழுதையும் அவள் நம்பியதில்லை. அப்படிச் சரியானது எப்போதும் ஆள் இல்லாத சாலையில்தான் திரும்ப வந்து கழுத்தறுக்கும்.

அது பழைய காலத்து இரண்டு இருக்கைப் பந்தய வண்டி. அக்காவும் தம்பியும் பிறப்பதற்கு முன்பே செய்தது. தரையோடு தரையாக, பார்க்க அழகாக இருக்கும். அழகைத் தவிர அதனிடம் நல்ல குணம் ஒன்றும் கிடையாது என்பது அவளுடைய அபிப்பிராயம். நீண்ட மூக்கு, அந்த மூக்கின் நுனியில் தபால்பெட்டி வாய் அளவுக்கு ஒரு திறப்பு. அவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இவ்வளவு சின்ன வாய். அதை வரைந்த மகராசன் ஒரு நாளாவது வெயிலில் கொதிக்கிற எஞ்சின் முன்னால் நின்றிருந்தால் இப்படி வரைந்திருக்க மாட்டான்.

வண்டிக்காரர் ஒரு பல் டாக்டர். மூக்கில் கீறல் விழக் கூடாது, பானெட்டில் ஓட்டை போடக் கூடாது, வாயை அகலமாக்கக் கூடாது, ஆனால் வண்டி சூடாகவும் கூடாது. "ஒரிஜினலா இருக்கணும்மா, அதுதான் அதோட மதிப்பே," என்பார். ஊரையே வாயை ஆவென்று திறக்கச் சொல்லிப் பிழைக்கிற மனுஷன், இதற்கு மட்டும் கூடாதாம் என்று அவள் பொருமுவாள். வேறு பட்டறைகள் பார்த்துக் கைவிட்ட வண்டி அது. வேண்டாம், திருப்பி அனுப்பு என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். தம்பி காதிலேயே வாங்கவில்லை. டாக்டர் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருந்தார்: சூட்டை மட்டும் அடக்கிக் கொடு, மலையேற்றப் பந்தயத்தில் இந்த வண்டியை நீயே ஓட்டு. அன்றிலிருந்து அவன் கால் தரையில் படவில்லை.

அக்கா தம்பி இருவருக்கும் தொழிலே காற்றுக்கு வழி போடுவதுதான். காற்று ஒரு சோம்பேறி. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைந்து சூட்டை வாங்கிக்கொண்டு போ என்றால் போகாது. பக்கத்தில் விரல் நுழையும் சந்து இருந்தால் அதன் வழியாக நழுவிவிடும். அந்தச் சந்துகளையெல்லாம் தகரத்தாலும் ஃபோமாலும் அடைக்க வேண்டும். நுழைந்த காற்று வெளியேறவும் வழி விட வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் அறைக்குள்ளேயே தேங்கிக்கொண்டு புதுக் காற்றை உள்ளே வரவிடாது. இதைக் கண்ணால் பார்க்கக் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி வண்டியின் மேல் வரிசையாக ஒட்டுவார்கள். வண்டி ஓடும்போது நூல் படுக்கிற பக்கம் காற்று போகிற பக்கம். தம்பி ஓட்டுவான், அவள் பழைய வேனில் ஒட்டினாற்போலப் போய்ப் பார்ப்பாள்.

எல்லாச் சந்தையும் அடைத்தாயிற்று. வழியும் விட்டாயிற்று. அப்போதும் கொதித்தது. தகரத்தைப் பிரித்து வேறு மாதிரி மடித்தார்கள், அதற்கும் கொதித்தது. இன்றைக்குக் கொதிக்கவில்லை. சூடு என்பது காணாமல் போகிற பொருள் இல்லை, இடம் மாறுகிற பொருள். கையைச் சுட்டுச் சுட்டு அவள் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

மறுநாள் தம்பி வருவதற்கு முன்னால் அவளே வண்டியை எடுத்தாள். பட்டறைத் தெருவைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறுவதற்குள் முள் கிறுகிறுவென்று மேலே போனது. பானெட் ஓரங்களில் ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. சாபம் போட்டுக்கொண்டே திருப்பி, பின்னால் வந்தவர்களிடமெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து பட்டறைக்குள் நுழைந்தாள். வந்தது கோபம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

தம்பி ஓடிவந்தான்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

அவன் அவளிடம் குரல் உயர்த்தியதே கிடையாது.

"யாரைடா கேக்கணும்? இது என் பட்டறை. நேத்து சரியாப்போச்சுன்னு சொன்னியே, இந்தா பாரு, கொதிக்குது."

"எறங்குக்கா. எறங்குன்னு சொல்றேன்ல."

அவளை ஏறக்குறைய இழுத்து வெளியே விட்டுவிட்டு, ஓடுகிற எஞ்சினோடு அவன் உள்ளே உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். பெருமூச்சு விட்டான். நீளமான மூச்சு, பாரம் தூக்குபவன் தூக்குவதற்கு முன்னால் விடுவது. முன்கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்தது.

ஆவி நின்றது.

அவள் பானெட் மேல் கை வைத்திருந்தாள். கையைச் சுட்ட தகரம் கையின் கீழேயே ஆறியது. வெதுவெதுப்பாயிற்று. பிறகு சில்லிட்டது. வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது. ஓடாத வண்டிக்குள் காற்று நுழையாது. பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது முள் இறங்கி இறங்கி, நேற்று நின்ற அதே இடத்தில் போய் நின்றது.

"என்னடா பண்ணின?" குரல் தாழ்ந்துதான் வந்தது.

"ஹீட்டரைத் திறந்துவிட்டேன்கா. அவ்வளவுதான்." அவன் கண்ணைத் திறக்காமலேயே சொன்னான். "நமக்குத் தெரியாததா?"

அவளுக்கு உயிர் வந்தது. உடனேயே ஆத்திரமும் வந்தது. குளிருக்கென்று இந்த மாதிரி வண்டிகளின் உள்ளே ஒரு ஹீட்டர் வைத்திருப்பார்கள். எஞ்சின் தண்ணீரே குழாய் வழியாக வந்து அதற்குள் சுற்றிவிட்டுப் போகும். வழியில் எஞ்சின் கொதித்தால் ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டு, வேர்த்து விறுவிறுக்க ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வது எல்லா மெக்கானிக்கும் செய்கிற தந்திரம்தான். எஞ்சினுடைய சூட்டில் ஒரு பங்கை ஓட்டுபவன் வாங்கிக்கொள்கிறான்.

"அறிவிருக்கா உனக்கு? மலை ஏறி முடிக்கறதுக்குள்ள வெந்துபோவடா."

"நான் தாங்குவேன்கா," என்றான். அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் போனபோது அவன் மூச்சில் அந்தத் தித்திப்பு நெடி அடித்தது.

அன்று சாயங்காலம் தம்பி மனைவி போன் செய்தாள். பக்கத்தில் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"அண்ணி, அவர்கிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்க. நான் சொன்னா எரிஞ்சு விழறாரு."

"என்னாச்சு?"

"காய்ச்சல். ஆனா காய்ச்சல் மாதிரியும் இல்ல. உடம்புல கை வைக்க முடியல அண்ணி. பாத்ரூம் தரையில தண்ணிய ஊத்திட்டு அதுமேல படுக்கறாரு. கொஞ்ச நேரத்துல தரை காஞ்சுபோகுது. பாப்பா மடியில உக்காரப் போச்சு, அப்பா சுடுதுன்னு அழுதுட்டு ஓடி வந்துடுச்சு. டாக்டர்கிட்ட வாங்கன்னா, பந்தயம் முடியட்டும்கறாரு."

"நாளைக்கு நான் வந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறேன்," என்றாள் அவள். "பந்தயமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

போனை வைத்த பிறகும் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அந்தப் பல் டாக்டரால் வந்தது. அவர் ஆசைக்கு ஊரான் வீட்டுப் பிள்ளை வேக வேண்டும். அவனுக்கும் புத்தி வேண்டாமா, ஒரு குழந்தைக்கு அப்பன். தூக்கம் வரும்வரை இரண்டு பேரையும் மாற்றி மாற்றித் திட்டினாள். திட்டுவது நின்றால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் தம்பி பட்டறைக்கு வரவில்லை. மதியம் ஷட்டரைக் கீழே இறக்கிவிட்டு, அந்த ஹீட்டரைக் கழற்றி எறிந்துவிடுவது என்ற முடிவோடு வண்டிக்குள் புகுந்தாள். அது இல்லாவிட்டால் அவனால் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்ய முடியாது. பக்கத்து இருக்கையின் பக்கமாகத் தலைகீழாகப் படுத்து, டேஷ்போர்டின் அடியில் டார்ச்சை அடித்தாள். பழைய தோலின் புழுக்கம் மூக்கில் ஏறியது. வயர்கள், துரு, எங்கேயோ ஒரு சிலந்தி வலை.

ஹீட்டர் இல்லை.

அது இருக்க வேண்டிய இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன. ஓட்டைகளைச் சுற்றிப் பல வருடத் தூசி கெட்டிப்பட்டிருந்தது. என்றைக்கோ யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சின் பக்கமிருந்து தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு ரப்பர் குழாய்கள் மட்டும் உள்ளே வந்திருந்தன. அவை எதிலும் மாட்டப்படவில்லை. ஓட்டுபவன் கால் வைக்கும் பள்ளத்துக்கு மேலே வாயைத் திறந்தபடி தொங்கின.

மெக்கானிக் செய்ய வேண்டியதைச் செய்தாள். குழாய்களின் அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு, எக்கிச் சாவியைத் திருப்பி எஞ்சினை ஒரு நிமிஷம் மட்டும் ஓடவிட்டாள். திறந்து கிடக்கிற குழாய், தண்ணீர் பீய்ச்சி அடித்து முகத்தை நனைக்க வேண்டும். நனைக்கவில்லை. ஒரு குழாயை விரலால் பிடித்தாள். உள்ளே தண்ணீர் ஓடுவது அதிர்வாகத் தெரிந்தது, கையில் நரம்பு துடிக்கிறது போல. இன்னொன்றைப் பிடித்தாள். அதிலும் ஓடியது. ஒன்றில் வந்து, ஒன்றில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. தட்டில் ஒரு சொட்டு விழவில்லை.

சட்டைப்பையில் கம்பளி நூல் இருந்தது. ஒரு துண்டைக் கிள்ளிக் குழாயின் உதட்டில் ஒட்டினாள். அது தொங்கவில்லை. விறைத்து எழுந்து, காலியாக இருந்த ஓட்டுநர் இருக்கையைக் காட்டிக்கொண்டு நின்றது.

எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். ஷட்டர் மூடியிருந்தது, ஃபேன் ஓடவில்லை, பட்டறைக்குள் காற்று என்பதே இல்லை. வண்டியின் மூக்கில் பழைய சோதனைக்கு ஒட்டிய நூல்கள் அப்படியே இருந்தன. எல்லாம் முன்பக்கமாகத் திரும்பி, அந்தச் சின்ன வாய்க்குள் நுனியை நீட்டிக்கொண்டிருந்தன.

பல் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"வண்டிய நாளைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க," என்றாள்.

"ஏம்மா? தம்பி பிரமாதமா சரி பண்ணிட்டாரே. அவர் உக்காந்தா சூடே ஆகறதில்ல. முந்தாநாள் என் கண்ணால பாத்தேன்."

"வேற யார் உக்காந்தாலும் கொதிக்குது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

டாக்டருக்குப் பின்னால் ஏதோ மிஷின் சுழல்கிற சத்தம்.

"சில பேர் கை அப்படிம்மா," என்றார் டாக்டர். "ரொம்ப வருஷத்துக்கு முன்னால என்கிட்ட ஒரு டிரைவர் இருந்தார். அவர் ஓட்டினாலும் இப்படித்தான், முள்ளு அசையாது. அவர் போனதுக்கப்புறம்தான் இந்தத் தொல்லையே ஆரம்பிச்சது. இவ்வளவு நாள் கழிச்சு உங்க தம்பி கிடைச்சிருக்கார்."

"அந்த டிரைவர் எங்க போனார்?"

"போனார்னா, இறந்துட்டார்மா. ஏதோ காய்ச்சல்."

அவள் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். தெரிந்தே உட்கார வைத்தீரா, உம் பிள்ளையை உட்கார வைப்பீரா, நீர் மனுஷனா. அந்தப் பக்கம் போன் எப்போது வைக்கப்பட்டது என்று தெரியவில்லை. வண்டிச் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள். ஷட்டரைப் பூட்டிவிட்டு, தம்பி வீட்டுக்கு வேனை விரட்டினாள். இன்றைக்கே ஆஸ்பத்திரி. வரமாட்டேன் என்றால் கன்னத்தில் இரண்டு விட்டாவது.

தம்பி மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"உங்களைத்தான் பாக்கப் போறேன்னாரே அண்ணி. கடைசியா ஒரு தடவை வண்டிய ஓடவிட்டுப் பாக்கணும்னு சொல்லிட்டுப் போனார். நீங்க எதிர்ல பாக்கலயா?"

அவனிடம் ஷட்டருக்கு இன்னொரு சாவி இருந்தது. வண்டிச் சாவி உள்ளே ஆணியில்தான் தொங்கியது.

திரும்பி வரும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. கடைகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டார்கள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கைக் குத்தினாள். படுபாவி. ஒரு வார்த்தை கேட்கமாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், தொடாதே என்றால் தொட்டுவிட்டு வந்து அழுவான், அழுதால் அவள்தான் ஊதிவிட வேண்டும்.

பட்டறை ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சீரான சத்தம், ஒரு தட்டல் இல்லை, ஒரு திணறல் இல்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு ஆரோக்கியமாக ஓடுகிற எஞ்சினை அவள் கேட்டதில்லை. மூடிய இடத்தில் எஞ்சின் ஓடினால் புகையே ஆளைக் கொல்லும். ஷட்டரை இரண்டு கையாலும் தூக்கி மேலே எறிந்தாள்.

குளிர் அடித்தது.

தெருவிளக்கின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. வண்டியின் மேலெல்லாம் ஈரம் கோத்திருந்தது, வெளியே இரவெல்லாம் நின்ற வண்டியில் விடிகாலை இருப்பது போல. பானெட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. சக்கரத்தடியில் சிறு குட்டை. கதவின் கைப்பிடியைத் தொட்டாள், விரல் விறைத்தது.

கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து அனல் முகத்தில் அறைந்தது.

தம்பி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தான். முகம் செங்கல் நிறம். ஒரு துளி வியர்வை இல்லை. தோல் பளபளவென்று காய்ந்திருந்தது. சட்டைக் காலர் ஓரம் இஸ்திரிப் பெட்டி பட்டது போலப் பழுப்பேறியிருந்தது. கால்கள் பள்ளத்தின் இருட்டுக்குள் போயிருந்தன.

"கேளுக்கா," என்றான். "எவ்வளவு அழகா ஓடுது பாரு."

"எறங்குடா."

"இன்னும் கொஞ்சம்."

"டேய். பாப்பா உன்கிட்ட வரவே பயப்படுது. உன் பெண்டாட்டி வாசல்லயே நின்னு அழுதுட்டிருக்கா. எறங்குடா."

"எறங்கினா கொதிக்கும்கா. பாவம்." அவன் வண்டியைத்தான் சொன்னான். "நான் வாங்கிக்கறேன். என்னால முடியுது."

பாவமாம். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பெண்டாட்டி பாவமில்லை, பிள்ளை பாவமில்லை, அவனைத் தூக்கி வளர்த்த அக்கா பாவமில்லை, இந்தத் தகர டப்பா பாவம். குனிந்து கையை நீட்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்திலேயே முதுகுக்குப் பின்னால், வெட்டுத் தகரம் குவிந்து கிடந்த மூலையை நோக்கி வீசினாள். அது எங்கேயோ விழுந்து, கலகலவென்று உள்ளே உள்ளே இறங்கும் சத்தம் கேட்டது.

எஞ்சின் நின்றது.

அந்த அமைதியில்தான் அவளுக்கு உறைத்தது.

கொதிக்கிற எஞ்சினைச் சட்டென்று யாரும் அணைக்கமாட்டார்கள். ஓட்டம் நின்றால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால், சூடு இருந்த இடத்திலேயே நின்று மேலே ஏறும். ஓடும்போது ஏறாத சூடு அணைத்த பிறகு ஏறும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கோபத்தில் கை முந்திக்கொண்டது.

"அக்கா," என்றான் தம்பி. குரல் மாறியிருந்தது.

மூலைக்கு ஓடினாள். இருட்டு. தகரத்தை இரண்டு கையாலும் வாரி எறிந்தாள். விரல்களைத் தகரம் கிழித்தது. சாவி இல்லை. அவனிடம் இருப்பது ஷட்டர் சாவி மட்டும். வண்டிக்கு ஒன்றுதான்.

பின்னால் ஒரு சத்தம். மெல்லிய, நீளமான சீழ்க்கை. அடுப்பில் கெட்டில் கொதிக்கத் தொடங்குவது போல. அவன் மூச்சு.

திரும்பி ஓடிவந்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அலறிக்கொண்டு விட்டாள். அவள் உள்ளங்கைத் தோல் அவன் மணிக்கட்டிலேயே தங்கிவிட்டது. வெல்டிங் கையுறையை மாட்டிக்கொண்டு அக்குளில் கைகொடுத்து மறுபடி இழுத்தாள். இடுப்பு வந்தது. முழங்கால் வந்தது. அதற்குக் கீழே வரவில்லை. பள்ளத்துக்குள் ஏதோ இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

முடி கருகும் நாற்றம். தித்திப்பு.

"தண்ணி," என்றான். "அக்கா, தண்ணி."

பெஞ்சில் பாட்டில் இருந்தது. எடுத்தாள். சில்லென்றிருந்தது. பட்டறையே சில்லிட்டுப்போயிருந்தது.

மூடியைத் திருகிய கை நின்றது.

கொதித்துக் காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆறட்டும் என்று நிற்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் நிற்க வேண்டும். இரும்பே தாங்காது, விரிசல் விட்டுவிடும்.

அவன் அவளைப் பார்த்தான். விழிகளில் ஈரமில்லை. இமைக்கும்போது காகிதம் உரசுவது போலக் கேட்டது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அது இரும்புக்கு," என்று கத்தினாள். வண்டியைப் பார்த்துக் கத்தினாள், டாக்டரைப் பார்த்துக் கத்தினாள், கற்ற தொழிலைப் பார்த்துக் கத்தினாள். "இவன் என் தம்பி. கேட்டுதா? என் தம்பி."

அவன் வாயைத் திறந்தான். அவள் ஊற்றினாள்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. சுருக்கமாக, உலர்வாக, ஒரே ஒரு சத்தம். எந்தப் பட்டறையில் கேட்டாலும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்ளும் சத்தம்.

கீழுதட்டின் நடுவிலிருந்து ஒரு கோடு புறப்பட்டது. மயிரிழைக் கோடு. மோவாயைத் தாண்டி, தொண்டையில் இறங்கி, சட்டைக்குள் போயிற்று. ரத்தம் வரவில்லை. கோட்டின் நெடுகிலும் வெள்ளை வெள்ளையாக ஆவி கசிந்தது.

தம்பி விழுங்கினான். நிம்மதியாகக் கண்ணை மூடினான், சின்ன வயதில் அவள் ஊதிவிடும்போது மூடுவது போல.

"இன்னும் கொஞ்சம்கா," என்றான்.

வாயை அகலமாகத் திறந்தான். கோடும் கூடவே திறந்தது.